“முன்பு என்ன தொழில்?” என்று நான் கேட்ட ஞாயிறு

ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

உங்களோடு பேசத் தலைப்புக் கேட்டார்கள். “ஆதிக் கிறிஸ்தவர்களும் போரும்” என்று எழுதி அனுப்பினேன். முழுப் பொய் இல்லை, அதுவும் வரும். ஆனால் நான் பேச வந்தது பொறாமையைப் பற்றி. அப்படி எழுதி அனுப்பியிருந்தால் கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வேறு ஆளைக் கூப்பிட்டிருப்பீர்கள்.

பிரசங்கம் தயாரிப்பது, வீடு சந்திப்பது எல்லாம் கல்லூரியில் சொல்லித் தந்திருப்பார்கள். வாடகைக்கு எடுத்த ஆலயத்தை ஐந்து மணிக்குள் கூட்டித் துடைத்துச் சாவி கொடுப்பதை ஆறு மாதத்தில் பழகிவிடுவீர்கள். கூட ஊழியம் செய்கிறவன் மேல் வயிறெரியும்போது என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கு நிறைய எரிந்தது. ஒரு மனிதனின் வாழ்க்கையே அதில் கருகப் பார்த்தது.

என் உதவிப் போதகராக வந்தவர் ஜெபராஜ். நாகர்கோவில் பக்கத்துக்காரர். சிட்னிக்குப் படிக்க வந்து, கணினி வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். தலை நிறைய முடி. கிற்றார் வாசிப்பார். அழுகிற குழந்தை என் கையில் இன்னும் அழும், அவர் தோளில் போட்டால் தூங்கிவிடும். ஆராதனை முடிந்து சாப்பிடும்போது அவர் மேசையில் கதிரை போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். என் மேசையில் கதிரைகள் தாராளமாக இருக்கும். சபை மக்கள் என்னைச் செத்தவீட்டுக்குக் கூப்பிட்டார்கள், அவரைப் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள். நான் சிரித்துக்கொண்டுதான் திரிந்தேன். கிரவீனில் என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியபிறகு மனைவியிடம் கொட்டுவேன்.

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. முதல் சில நூற்றாண்டுகளின் சபையைப் பற்றி நான் ஆழமாகப் படித்தவன். அந்தக் காலத்தில் சபைக்குப் புதிதாக வருகிறவரிடம் “என்ன தொழில் செய்கிறாய்?” என்று முதலில் கேட்பார்கள். ரோம அரங்கில் மனிதரோடு சண்டையிடுகிறவன் அதை விடவேண்டும், இல்லையென்றால் வரவேண்டாம். படைவீரன் கட்டளை வந்தாலும் கொல்லக்கூடாது. சபையில் இருந்துகொண்டே படையில் சேர விரும்புகிறவனை அனுப்பிவிடுவார்கள். இதையெல்லாம் நான் சொன்னால் நன்றாக இருக்கும். எனக்கே தெரியும், நன்றாக இருக்கும்.

அதை ஆசையோடு கேட்கிற ஒருவர் எனக்கு வில்லாவுட் தடுப்பு முகாமில் கிடைத்தார். படகில் வந்தவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன், ஏன் என்பது போகப் போக விளங்கும். பிறகு லிட்கமில் அறையெடுத்து இருந்ததால் லிட்கம் தம்பி என்கிறேன். இப்போது அங்கே இல்லை.

செவ்வாய்க்கிழமைகளில் நானும் ஜெபராஜும் முகாமுக்குப் போவோம். ஜெபராஜ் மற்றவர்களோடு கேரம் விளையாடுவார். லிட்கம் தம்பி என் முன்னால் வந்து இருப்பார். இடுப்புப் பட்டியைக் கழற்றி எறிந்து “இனிப் படையில் இருக்கமாட்டேன்” என்று சொல்லித் தலையைக் கொடுத்த வீரர்களைப் பற்றிச் சொல்வேன். கண் கொட்டாமல் கேட்பார். “இன்னும் சொல்லுங்கோ ஐயா” என்பார். பதினான்கு மாதம். திரும்பி வரும்போது காரில் ஜெபராஜிடமும் அதையே சொல்லிக்கொண்டு வருவேன். “இண்டைக்கு என்ர ஆள் என்ன கேள்வி கேட்டவன் தெரியுமோ?” என்பேன். என்ர ஆள். நாலு கேரம் ஆட்டக்காரர்களை அவர் வைத்துக்கொள்ளட்டும், இந்த ஒருவர் எனக்கு.

தற்காலிக விசாவில் வெளியே விட்டார்கள். தரை ஓடு விற்கிற கடையொன்றில் மூட்டை தூக்குகிற வேலை கிடைத்தது. ஞாயிறுகளில் பெண்டில் ஹில்லில் எங்கள் ஆராதனைக்கு வந்தார், ஞானஸ்நானம் எடுக்கவேண்டும் என்றார். அதற்கான வகுப்பு ஆராதனைக்குப் பிறகு ஆலயத்தின் குசினியில் நடக்கும். வகுப்பு முடிந்ததும் அவரைக் கொண்டுபோய் விடுவது ஜெபராஜ். ஜெபராஜின் வீடு ஹோம்புஷில், போகிற வழியில்தான் லிட்கம். அதைப் பற்றி அப்போது நான் ஒன்றும் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிறு ஜெபராஜ் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அய்யா, அந்தத் தம்பி மனசுல ஒரு பாரம் இருக்கு. ஞானஸ்நானத்துக்கு முன்னாடி அவரே உங்ககிட்ட சொல்லுவார்னு நினைக்கிறேன். கொஞ்சம் டைம் கொடுங்க.”

“என்ன பாரம்?”

“அதை நான் சொல்லக்கூடாதுங்க.”

“அப்ப உமக்குச் சொல்லியிருக்கிறார்.”

அவர் இல்லை என்று சொல்லவில்லை. அது எனக்குச் சுட்டது. பதினான்கு மாதம் செவ்வாய் தவறாமல் போனவன் நான். இருபது நிமிஷம் கார் ஓட்டினவருக்குச் சொல்லியிருக்கிறார்! அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பாரம் என்ன என்று ஓரளவு விளங்கியது. ஈழத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு விளங்காமல் போகுமா? ஆனால் எனக்கு வேண்டியது செய்தி இல்லை. அதை அவர் வாயால் எனக்குச் சொல்லவேண்டும். எனக்கு.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு நாலு பேர் வந்திருந்தார்கள். மலேசியாவிலிருந்து வந்த கணக்காளர் ஒருவர், பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி, தாதி வேலை பார்க்கும் ஒரு பெண், லிட்கம் தம்பி. சபையில் எல்லாருக்கும் வேண்டிய மலர் அன்ரி அடுப்படியில் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. ஜெபராஜ் கார்ச் சாவியோடு கதவடியில் காத்து நின்றார்.

“இண்டைக்கு ஆதிச் சபையின்ர ஒரு வழக்கத்தைச் செய்து பாப்பம்,” என்றேன். “சபைக்கு வாறவையிட்ட அவை முன்பு என்ன தொழில் செய்தவை எண்டு கேப்பினம். நானும் கேக்கிறன்.”

வழக்கம் உண்மையானது. அதை எடுத்த காரணம்தான் அழுகல். நான் கதவடிப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

கணக்காளர் கணக்காளர் என்றார். அந்தப் பிள்ளை, “ஸ்டூடன்ட், பாஸ்டர். கஃபேல பார்ட் டைம்,” என்று சிரித்தாள். தாதி தாதி என்றாள். பிறகு லிட்கம் தம்பியின் முறை. அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். தோட்டம் செய்தேன் என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் பதினான்கு மாதமாக என்னிடம் படித்த மனிதர் அவர். சபையில் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்.

“நான் இயக்கத்தில இருந்தனான், ஐயா,” என்றார். “சண்டையில நிண்டனான். சுட்டிருக்கிறன். எனக்கு முன்னால ஆக்கள் விழுந்ததைப் பாத்திருக்கிறன்.”

மலர் அன்ரியின் கையில் கேத்தில் அப்படியே நின்றது. அவவின் ஒரே மகனை இயக்கம் பள்ளிக்கூடத்திலிருந்து பிடித்துக்கொண்டு போனது, பிறகு அவன் திரும்பவில்லை. சபையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். அந்தக் குசினியில் அவ நிற்பதும் தெரியும். பொறாமை கண்ணை மறைத்தால் முன்னால் நிற்கிற ஆளும் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகளே, இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அப்போது வாயை மூடிக்கொண்டு எழும்பிப் போய் அந்த மனிதருக்குப் பக்கத்தில் இருங்கள். அவ்வளவும் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பயம் வந்ததும் படித்ததைத் தேடி ஓடினேன்.

“நாலாம் நூற்றாண்டிலே ஒரு ஆயர் இதைப் பற்றி ஆலோசனை எழுதியிருக்கிறார்,” என்று தொடங்கிவிட்டேன். “போரில கொல்லுறது கொலைக்குச் சமன் இல்லை. எண்டாலும் கை சுத்தமில்லை. ஆனபடியால் அப்படிப்பட்டவை மூண்டு வருஷம் திருவிருந்தை மட்டும் விட்டிருக்கிறது நல்லம் எண்டு…”

“மூண்டு வருஷம்,” என்றார் லிட்கம் தம்பி. கேள்வியாகவும் இல்லை, பதிலாகவும் இல்லை. கோப்பையை மேசையில் வைத்தார். “நான் போயிட்டு வாறன், ஐயா.”

கதவடியில் ஜெபராஜ் அவருக்கு வழிவிட்டு என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

“அய்யா, அந்தக் காலத்துல தொழில் என்னன்னு மட்டுமா கேட்டாங்க? கூட்டிட்டு வந்தவங்க சாட்சி சொல்லணும்னு நீங்கதானே கார்ல சொன்னீங்க. இவருக்கு யார் சாட்சின்னு நீங்க கேக்கவே இல்லையே. நான் நிக்கிறேன்.”

சொல்லிவிட்டு லிட்கம் தம்பியின் பின்னால் போனார். கார் கிளம்பிய சத்தம் கேட்டது. அந்த நேரத்திலும் என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறார் என்பதுதான். போதகர் வாயில் வரக்கூடாத பழமொழி, ஆனால் வந்தது. என் படிப்பு, அதில் நான் விட்டுவிட்ட பாதியை அவர் எடுத்து என் முன்னாலேயே நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போகிறார்.

என்னைத் தரைக்குக் கொண்டுவந்தது அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளை. “பாஸ்டர், ஹிஸ் கேஸ் இஸ் ஸ்டில் கோயிங், ரைட்? நாங்க எல்லாரும் கேட்டிட்டம். வாஸ் தட் ஓகே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய விசா வழக்கு முடியவில்லை. இயக்கத்தில் இருந்தவர் என்று வெளியே தெரிந்தால் விசாவே கிடைக்காமல் போகலாம். எதை, யாரிடம், எப்போது சொல்வது என்று அவருடைய வழக்கறிஞர்தான் தீர்மானிக்கவேண்டும். அதை நான் தேத்தண்ணியோடு நாலு பேர் நடுவில் சொல்லவைத்துவிட்டேன். பழைய காலத்துச் சபை கேள்வியைக் கேட்டபோது, கேட்டவர்களும் வந்தவர்களைப் போலவே ரோம அரசுக்குப் பயந்து ஒளிந்திருந்தவர்கள். நான் குடியுரிமை எடுத்தவன், சொந்த வீட்டுக்காரன். என் தலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

அங்கிருந்த மூன்று பேரிடமும் அன்றே கெஞ்சினேன். மூவரும் சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தார்கள். மலர் அன்ரி அதற்கு முன்பே போய்விட்டா. மறுநாள் அவ வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டா, ஆனால் இருக்கச் சொல்லவில்லை.

“வெளியில சொல்லிப் போடாதேங்கோ எண்டு கேக்க வந்தனீங்களோ, பாஸ்டர்?”

“ஓம், அன்ரி.”

“நான் ஏன் சொல்லப் போறன்? என்ர பிள்ளையும் அங்கதானே நிண்டவன். அவனும் ஆரையாவது சுட்டிருப்பான். ஆரும் பெத்த பிள்ளையை.” கதவடிக்கு என்னோடு நடந்து வந்தா. “ஆனா அந்தத் தம்பியின்ர முகத்தை இனி என்னால பாக்கேலாது. அவர் உங்களிட்டத் தனியச் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிஞ்சிராது. நானும் அவருக்குத் தேத்தண்ணி குடுத்துக்கொண்டே இருந்திருப்பன்.”

அவ வேறு சபைக்குப் போய்விட்டா. வாய் திறக்கவில்லை, திரும்பி வரவும் இல்லை. அந்த நட்டத்தை நான் இன்றுவரை சரிசெய்யவில்லை. இதற்கு நல்ல முடிவு ஒன்று இருக்கிறதோ என்று காத்திருக்காதீர்கள், இல்லை.

லிட்கம் தம்பி மூன்று ஞாயிறு வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை. என்னோடு லிட்கமுக்கு வரச்சொல்லி ஜெபராஜைக் கேட்டேன்.

“நான் வரல, அய்யா. நீங்க தனியாப் போங்க. நான் வந்தா அவர் என்னைப் பார்த்துதான் பேசுவார்.”

அது எனக்குக் குத்தியது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் குத்தியது.

சனிக்கிழமை பகல் போனேன். நாலு பேர் பகிர்ந்துகொள்கிற வீடு. குசினியில் கதிரை போட்டுத் தந்தார். மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல், உம்மைப் பேசவைக்கத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன், ஜெபராஜுக்குச் சொல்லி எனக்குச் சொல்லாததில் எனக்குக் கோபம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். பிறகும் என் பொறாமை சும்மா இருக்கவில்லை. “ஏன் தம்பி எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டேவிட்டேன்.

“ஜெபராஜ் அண்ணை ஒண்டும் கேக்கமாட்டார், ஐயா. பாட்டைப் போட்டிட்டுச் சும்மா காரை ஓடுவார். எனக்கு வாயில வந்திட்டுது.” பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். “நீங்கள் அந்தக் காலத்து ஆக்களைப் பற்றி அவ்வளவு உயர்த்திச் சொன்னனீங்கள். பட்டியைக் கழட்டி எறிஞ்சவை, தலை குடுத்தவை எண்டு. நான் கழட்டேல்லை ஐயா. கடைசி மட்டும் கட்டிக்கொண்டு நிண்டனான். பிறகு என்னெண்டு உங்களுக்குச் சொல்லுறது?”

அந்தச் சின்னக் குசினியில் எனக்கு ஓடி ஒளிய இடம் இருக்கவில்லை. ஏனென்றால் நான் அவருக்கு மறைத்த பாதி ஒன்று இருந்தது. அந்தக் காலத்திலேயே, பட்டியைக் கழற்றாமல் படையில் இருந்துகொண்டு விசுவாசித்தவர்களும் சபையில் இருந்தார்கள். சிலர் அவர்களைத் திட்டி எழுதினார்கள், சிலர் சேர்த்துக்கொண்டார்கள். சபை ஒரே குரலில் பேசவில்லை. எனக்கு அது தெரியும். சொன்னால் கதையின் அழகு கெட்டுவிடும் என்று பதினான்கு மாதமும் சொல்லாமல் விட்டேன். அன்று சொன்னேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த மூண்டு வருஷத்தை மறந்துவிடும், தம்பி,” என்றேன். “அது என்ர வாய்க்கொழுப்பு.”

“இல்லை ஐயா.” முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “எனக்கு அது வேணும்.”

எனக்கு விளங்கவில்லை.

“சில ஆக்கள் என்னை வீரன் எண்டுவினம். சில ஆக்கள் கொலைகாரன் எண்டுவினம். ஜெபராஜ் அண்ணை, ஆண்டவர் மன்னிச்சிட்டார் எண்டு சொன்னவர். அது நல்ல சொல்லு, ஆனா எனக்கு நித்திரை வரேல்லை. வில்லாவுட்டில எவ்வளவு காலம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. விசாவுக்கும் எவ்வளவு காலம் எண்டு ஒருத்தரும் சொல்லீனம் இல்லை. நீங்கள்தான் ஐயா முதல் ஆள், செய்தது பிழைதான், இவ்வளவு காலம் பொறு, பிறகு வா எண்டு சொன்னது. முடிவு இருக்கிற தண்டனை ஒண்டை எனக்கு ஒருத்தரும் தரேல்லை.”

திரும்பி வரும்போது காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். சந்தோஷமும் கொஞ்சம் இருந்தது, மறைக்கமாட்டேன். ஜெபராஜின் சொல் தூங்கவைக்கவில்லை, என் சொல் வேலை செய்தது! பாருங்கள், அழுகையின் நடுவிலும் அது தலையை நீட்டுகிறது.

அவர் திரும்பி வந்தார். ஞானஸ்நானம் எடுத்தார். திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் முன்னே வரும்போது அவர் மட்டும் பின் கதிரைக்கு அருகில் எழும்பி நிற்பார், வரமாட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு அது அவருக்கும் கடவுளுக்கும் நடுவிலுள்ள விஷயம் என்று சொல்லி அனுப்பினேன். வழக்கும் மெல்ல நகர்ந்து நல்லபடியாக முடிந்தது. எங்கள் குசினியிலிருந்து ஒரு சொல்லும் வெளியே போகவில்லை.

அந்தக் காலத்தில் ஜெபராஜிடம் எனக்குப் புதிய எரிச்சல் ஒன்று தொடங்கியது. எங்கள் சபையில் மக்களுக்கெல்லாம் கொடுத்து முடித்தபிறகுதான் போதகர்கள் அப்பமும் ரசமும் எடுப்பது. சரியாக அந்த நேரம் பார்த்து ஜெபராஜ் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு பாடத் தொடங்கிவிடுவார். நான் மேசைக்குத் திரும்பித் தனியே எடுப்பேன். எனக்குப் பின்னால் சபையே அவரோடு சேர்ந்து பாடும். திருவிருந்திலும் இவருக்குக் கச்சேரிதான் என்று ஒவ்வொரு முறையும் பல்லைக் கடிப்பேன். பாடி முடித்து எப்போது எடுத்தார் என்று நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

மூன்று வருஷம் முடிந்த ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதம் அது. அப்பம் கொடுக்கிற எங்கள் இருவரில் லிட்கம் தம்பி யாரிடம் முதல் அப்பத்தை வாங்குவார் என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். அவர் ஜெபராஜிடம் கேட்டுவிடக்கூடாது என்று ஜெபம்கூடச் செய்தேன். ஆண்டவரே, இப்படியும் ஒரு ஜெபம்.

அவர் என்னிடம்தான் வந்தார். வரிசையில் கடைசிக்கு முதல் ஆளாக, வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. அப்பத்தை வைத்தேன். வென்றுவிட்டேன் என்று மனம் துள்ளியது. அவர் விலகினார். அவருக்குப் பின்னால், வரிசையின் கடைசியில், ஜெபராஜ் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கிற்றார் கதிரையில் கிடந்தது.

“நீர் ஏன் இந்த வரிசையில?” என்று மெல்லக் கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. “நீரும் இவ்வளவு காலமும் எடுக்கேல்லையோ?”

“சாட்சிக்கு நிக்கிறேன்னு சொன்னேனே, அய்யா,” என்றார்.

அவர் கையிலும் அப்பத்தை வைத்தேன். அவருடைய முடியிலும் கிற்றாரிலும் மேசையைச் சுற்றியிருந்த கதிரைகளிலும் இத்தனை வருஷம் பொறாமைப்பட்டேன். பொறாமைப்படவேண்டிய ஒன்றே ஒன்று மூன்று வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. அதற்கு இன்றைக்கும் பொறாமைப்படுகிறேன், பிள்ளைகளே. இதை மட்டும் விடப்போவதில்லை.

அன்று பாடுவதற்கு ஆள் இல்லை. பாட்டு இல்லாமலே ஆராதனையை முடித்தோம்.